நாற்பத்தாறு வீட்டுத் தண்ணீர்

“வருதா?”

“வருது.”

“என்ன நிறம்?”

“டீத் தண்ணி மாதிரி இருக்கு. இருங்க... வெளுக்குது. வெளுத்துடுச்சு. நான் அடுத்த வீட்டுக்குப் போறேன்.”

செவ்வாய், சனி இரண்டு நாளும் விடிந்த கையோடு மில் காலனியில் கேட்கும் பேச்சு இவ்வளவுதான். கேட்கிறவர் மேட்டு முனையில், தரையோடு பதிந்திருக்கும் இரும்பு மூடியைத் தூக்கி வைத்துவிட்டு, ஆள் உயர முறுக்குச் சாவி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நகர சபையின் தண்ணீர் ஆள். ஊர் அவரை ‘வால்வு’ என்றே கூப்பிடும். மரியாதை கொடுக்கிறவர்கள் ‘வால்வண்ணே’ என்பார்கள்.

பதில் சொல்கிறவள் அவர் மனைவி. சரிவில் ஏதாவது ஒரு பூட்டிய வீட்டைத் திறந்து, அடுக்களைக் குழாய் முன்னால், போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நிற்பாள். இடது கையில் வளையல் மாதிரி ஒரு கம்பி வளையம். அதில் நாற்பத்தாறு சாவி. ஒவ்வொன்றிலும் ஒரு தகரத் துண்டு, தகரத்தில் ஆணியால் குத்திய வீட்டு எண். அவள் நடந்தால் கலகலவென்று சத்தம் முன்னால் நடக்கும். அதனால் அவள் சாவியக்கா.

ஒரு காலத்தில் இந்த வேலைக்குப் போன் தேவைப்பட்டதில்லை. காலனியில் ஐம்பத்து நாலு வீடு. ஐம்பத்து நாலிலும் ஆள். மேட்டிலிருந்து அவர் ‘வருதா?’ என்று ஒரு குரல் கொடுத்தால், முதல் வீட்டு ஜன்னல் அதை வாங்கி அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும். அப்படியே கைமாறிக் கைமாறிச் சரிவின் கடைசி வீடான அவர் வீட்டுக்கு வந்து சேரும். அங்கிருந்து ‘வருது’ கிளம்பி அதே வழியில் மேலேறும். நடுவில் யாராவது ஒருத்தி, ‘எங்க வீட்டுல வரலை, மாமியார்தான் வந்திருக்கா’ என்று சேர்த்து அனுப்புவாள். மேட்டுக்கு வரும்போது பதில் சிரிப்போடு வரும்.

பேப்பர் மில் மூடி ஒன்பது வருடம் ஆகிறது. முதல் வருடம் வாலிபர்கள் போனார்கள். அடுத்த வருடம் அவர்களைப் பெற்றவர்கள் போனார்கள். போகும்போது எல்லோரும் சாவியக்காவிடம்தான் வந்தார்கள். ‘ஒரு ரெண்டு மாசம் வச்சிருங்கக்கா, வந்துடுவோம்.’ இரண்டு மாதம் முடியவே இல்லை. எட்டு வீட்டில் ஆள், நாற்பத்தாறு வீட்டில் பூட்டு என்று கணக்கு வந்து நின்றது.

அப்போதுதான் தண்ணீர் கெட்டது.

ஐம்பத்து நாலு குடும்பத்துக்காகப் புதைத்த பெரிய குழாய். எட்டுக் குடும்பம் குடித்தா அது அசையும்? உள்ளேயே நின்று நின்று துருவேறி நாறியது. மாதம் ஒருமுறை குழாயின் கடைக்கோடி வாயைத் திறந்து கழுவிவிட வேண்டும் என்பது ஆபீஸ் விதி. வால்வுக்காரர் அதைச் செய்தார், ரிஜிஸ்டரிலும் எழுதினார். நாற்றம் போகவில்லை. காதோடு ரேடியோவை ஒட்டிக்கொண்டே திரியும் எட்டாம் நம்பர் கிழவர், “இந்தத் தண்ணியில கால் கழுவினா காலைத் தனியாக் கழுவ வேண்டியிருக்கு” என்றார்.

வழி சொன்னது சாவியக்காதான். “பெரிய குழாயை மட்டும் கழுவினா? பூட்டின வீட்டுக்குப் போற சின்னக் குழாயெல்லாம்? அதுக்குள்ள நிக்கிறது மறுபடி பெருசுல வந்து கலக்காதா?”

அன்று ஆரம்பித்தது. வாரம் இரண்டு நாள், அவர் மேலே வால்வை முழுசாகத் திறந்துவிட, அவள் ஐந்தாறு வீடாகச் சேர்த்துத் திறந்து எல்லாக் குழாயையும் அரை மணி நேரம் ஓடவிடுவாள். ஓடுகிற நேரத்தில் கை சும்மா இருக்காது. ஒட்டடை அடிப்பாள், ஜன்னலைத் திறந்து வைப்பாள், யாரோ விட்டுப்போன காலண்டரை நேராக்குவாள். தண்ணீர் சுத்தமானது. ஆனால் ஊரான் வீட்டைத் திறந்து குழாயை ஓடவிட்டதை எந்த ரிஜிஸ்டரில் எழுதுவது? அதற்குக் கட்டம் இல்லை. வால்வுக்காரரும் எழுதவில்லை. ஏழு வருடமாக எழுதவில்லை.

அந்த எழுதாத எழுத்துதான் ஒரு புதன்கிழமை அவர் கழுத்தைப் பிடித்தது.

*

இன்ஜினியர் மேடம் வாரத்தில் ஒருநாள் வருகிறவர். முப்பது வயது இருக்கும். மூன்று ஊர்களின் தண்ணீர் அவர் தலையில். மேஜையில் வரைபடத்தை விரித்து, பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் நாலு பொருளை வைத்தார். ஒரு மூலையில் அவருடைய தலைவலி மாத்திரை.

“உட்காருங்க. விஷயம் பெருசு. ஊருக்குள்ள ரெண்டு லைன். ஒண்ணு ஸ்டேஷன் பக்கம், இன்னொண்ணு உங்க மில் காலனி. ரெண்டையும் இனிமே வச்சுக் காப்பாத்த முடியாது. ஆளு ஒருத்தர், அதுவும் ரிட்டயர் ஆகப் போறீங்க. அதனால ஒரு பக்கத்தை மூடிட்டு, அங்க இருக்கறவங்களை இன்னொரு பக்கத்துக் காலி வீடுகளுக்கு மாத்திடறதுன்னு சபையில முடிவு பண்ணியாச்சு.”

வால்வுக்காரர் வரைபடத்தைப் பார்த்தார். காலனியின் எட்டு வீடு எங்கே, ஸ்டேஷன் பக்கத்து முப்பத்தேழு வீடு எங்கே! எது மூடப்படும் என்று சின்னக் குழந்தை கூடச் சொல்லும். மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று அப்போதே வார்த்தை தேட ஆரம்பித்துவிட்டார்.

“காலனி வாசல் வால்வை என்னிக்கு மூடணும் மேடம்?”

“காலனியா? யாரு சொன்னா? மூடப் போறது ஸ்டேஷன் பக்கம்.”

மின்விசிறி இரண்டு சுற்றுச் சுற்றியது.

“மேடம், அங்க முப்பத்தேழு வீட்டுல ஆள் இருக்கே!”

“பட்டியல்ல இருக்கு. உங்க காலனிப் பட்டியல்ல கூடத்தான் எட்டுன்னு இருக்கு. நான் இந்தப் பட்டியல்களை நம்பறதை விட்டுட்டேன். பேரை இங்க வச்சுட்டு ஆளு வெளியூர்ல, ஆளு இங்க இருந்தும் பேரு எங்கயோ. மீட்டரைப் பாருங்க. ஸ்டேஷன் பக்கத்தைப் போல ரெண்டரை மடங்கு தண்ணி உங்க காலனி எடுக்குது, வருஷக்கணக்கா. எங்க தண்ணி ஓடுதோ அங்கதான் ஆள் இருக்கு. தண்ணி பொய் சொல்லாது.”

“அது வந்து மேடம்...”

மேடத்தின் போன் அடித்தது. இன்னொரு ஊரில் பம்ப்பு எரிந்துவிட்டதாம். எழுந்து நின்றபடியே சொன்னார்: “ஆட்சேபணை ஏதாவது இருந்தா வர்ற புதன் சாயங்காலம் நாலு மணி வரைக்கும் சொல்லலாம்னு நோட்டீஸ் ஒட்டிடுங்க.”

இருபத்தெட்டுச் சுற்று வால்வை ஒரே மூச்சில் திறக்கிற மனிதருக்கு அன்றைக்கு வாயைத் திறக்க முடியவில்லை. நோட்டீஸைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

*

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. சாவியக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு.

“ஏங்க, நம்ம பக்கம் தப்பிச்சிடுச்சாமே! அதுவும் எப்படி, ஸ்டேஷன் பக்கத்து ஆளுங்க எல்லாம் இங்கதான் வரப் போறாங்களாமே! நாப்பத்தாறு வீட்டைக் கூட்டிப் பெருக்கி வச்சேன்ல, ‘உனக்கு வேற வேலையில்லையா’ன்னு கேட்டீங்கல்ல? இப்ப என்ன சொல்றீங்க?”

அவர் ஈரச் சட்டையைக் கழற்றினார். அவள் அவித்த உருளைக்கிழங்கும் முட்டையும் தட்டில் வைத்து, எதிரில் உட்கார்ந்து, சாவி வளையத்தை மடியில் போட்டுக்கொண்டாள்.

“ரொட்டிக்கடைக்காரருக்குப் பன்னிரண்டு. அடுக்களை பெருசு. தையக்காரிக்கு இருபது. காலையில வெயில் நேரா ஜன்னல்ல விழும், ஊசி கோக்கச் சிரமப்பட மாட்டா. நர்ஸம்மாவுக்கு முப்பத்தொண்ணு. அந்தச் சண்டைக்கார அண்ணன் தம்பி இருக்காங்களே, அவங்களுக்கு மூணும் நாப்பதும்.”

“ஏன் அவ்வளவு தூரம்?”

“ஒருத்தன் கத்தறது இன்னொருத்தனுக்குக் கேக்கக் கூடாதுல்ல?” அவளே சிரித்தாள். “நீங்க மேல நின்னு குரல் குடுத்தா இனிமே எனக்குப் போன் வேணாம். ஜன்னல் ஜன்னலா வந்துடும். என்னங்க, தட்டுல கையை வச்சுட்டு முழிக்கிறீங்க?”

“உப்புக் கம்மி.”

“உப்பெல்லாம் சரியாத்தான் இருக்கு. மூஞ்சிதான் சரியில்ல.”

கல்யாணம் ஆகி வந்தபோது பேசிக்கொண்டே இருந்தவள். வீடுகள் காலியாகக் காலியாக ஒவ்வொரு பேச்சாகக் குறைந்தது. கடைசியில் ‘வருது’, ‘வெளுத்துடுச்சு’ என்கிற அளவில் வந்து நின்றது. இன்றைக்குத்தான் மூச்சு விடாமல் பேசுகிறாள். இவளிடம் போய் எதைச் சொல்வது? வால்வுக்காரர் உருளைக்கிழங்கை முழுங்கினார்.

*

மறுநாள் காலையில் ரொட்டி வாங்கப் போனார். ஸ்டேஷன் பக்கத்தில் இன்னும் கடைவீதி என்று சொல்ல மீதி இருப்பது ரொட்டிக்கடை, டீக்கடை, மருந்துக்கடை. அவற்றின் எதிரில் பஸ் நிற்கும். அவ்வளவுதான் என்றாலும் காலை ஏழு மணிக்கு அங்கே பத்துப் பேர் நிற்பார்கள். பத்துப் பேர் நின்றால் ஊர் மாதிரி இருக்கும்.

ரொட்டிக்கடைக்காரர் நீளத் துடுப்பால் அடுப்புக்குள்ளிருந்து ரொட்டிகளை இழுத்துக்கொண்டிருந்தார். புருவம் வரை மாவு.

“வாங்கண்ணே. நம்மளை உங்க பக்கம் தள்ளறாங்களாமே.”

“பன்னிரண்டாம் நம்பரை உனக்குன்னு எடுத்து வச்சிருக்கா.”

“சாவியக்காவா? தங்கமான மனசு.” துடுப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு அடுப்பின் செங்கலைத் தட்டினார். “இதை எப்படிண்ணே தூக்கிட்டு வருவேன்? பத்து யானை இழுத்தாலும் நகராது. புதுசாக் கட்டற வயசா எனக்கு? மகன் கூப்பிட்டுட்டே இருக்கான். போயிட வேண்டியதுதான்.”

“என்னப்பா பொசுக்குனு இப்படிச் சொல்ற? மத்தவங்க?”

“நர்ஸம்மா அக்கா ஊருக்குப் போறாங்க. தையக்காரி மக வீட்டுக்கு. ஒரு தடவை மூட்டை கட்டணும்னு ஆயிட்டா, ரெண்டு தெரு தள்ளிப் போய் இறக்கறவன் யாருண்ணே? ஒரேயடியாப் போயிடலாம்னுதான் எல்லாரும் பேசறாங்க. விசாரிச்சேன். உங்க பக்கம் வரப் போறது ஆறு வீடு, மிஞ்சிப் போனா ஏழு. ஏழு வீட்டுக்காகப் பஸ்ஸுக்காரன் வண்டியைத் திருப்புவானா? மருந்துக்கடைக்காரர் நாளைக்கே பலகை போட்டு மூடிடுவாரு.”

வால்வுக்காரர் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். சூடு முகத்தில் அடித்தது.

“விடுங்கண்ணே, உங்க பக்கமாவது நிக்கட்டும். பொறாமையில சொல்லல.” ஒரு ரொட்டியைத் தனியாகக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். “இது ஓரம் முறுகினது. அக்காவுக்குப் பிடிக்கும்.”

அந்த ரொட்டி வழியெல்லாம் அவர் கையைச் சுட்டது.

*

சனிக்கிழமை. மேட்டு முனையில் காற்று அள்ளிக்கொண்டு போனது. வால்வுக்காரர் இருபத்தெட்டுச் சுற்றையும் திறந்துவிட்டுப் போனைக் காதில் வைத்தார்.

“வருதா?”

“வருது. பன்னிரண்டுல இருக்கேன். ரொட்டிக்கடைக்காரம்மாவும் கூட இருக்கா. வீட்டைப் பாக்கக் கூட்டிட்டு வந்தேன். போனை வைக்காதீங்க, சும்மா அப்படியே இருக்கட்டும்.”

போனை எங்கோ மாடத்தில் வைத்துவிட்டாள் போல. தண்ணீர்ச் சத்தம். இரண்டு பெண்களின் செருப்புச் சத்தம். அலமாரி திறந்து மூடுகிற சத்தம்.

“எவ்வளவு சுத்தமா இருக்குக்கா. யாரு குடியிருக்கா?” ரொட்டிக்கடைக்காரம்மாவின் குரல்.

“யாருமில்ல. ஏழு வருஷத்துக்கு மேலாப் பூட்டித்தான் கிடக்கு.”

“விளையாடாதீங்க. பூட்டிக் கிடக்கற வீட்டுல தண்ணி இப்படியா கண்ணாடி மாதிரி வரும்? எங்க பக்கத்துல ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்தாலே முதல் வாளி செம்மண்ணாக் கொட்டும்.”

“அது சும்மா வருமா?” சாவியக்காவின் குரலில் பெருமை கொப்பளித்தது. “வாரத்துக்கு ரெண்டு நாள், ஒரு வீடு விடாம, மூணு மூணு குழாய், அரை மணி நேரம் திறந்து ஓட விடுவேன். நாப்பத்தாறு வீடும்மா. ஏழு வருஷமா ஒரு நாள் தப்பினதில்ல. எவ்வளவு தண்ணி ஓடியிருக்கும்னு நினைக்கிறே? இந்தக் காலனி மொத்தமும் குடியிருந்தாக் கூட இவ்வளவு...”

நின்றுவிட்டாள்.

மேட்டில் வால்வுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். போனுக்குள் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“என்னக்கா?”

“ஒண்ணுமில்லம்மா. நீ கூடத்துல ஜன்னலைப் பாரு.” பிறகு குரல் போனுக்குப் பக்கத்தில் வந்தது. ரொம்ப மெதுவாக.

“ஏங்க.”

“ம்.”

“வால்வை மூடிட்டு வீட்டுக்கு வாங்க.”

*

வந்தபோது சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர் எதிரில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“புதன்கிழமை. அந்தம்மா மீட்டர்னு சொன்ன அந்த நிமிஷமே.”

“நாலு நாளா உப்புக் கம்மின்னு சொல்லிட்டிருந்தீங்க.”

“நீ அன்னிக்குப் பேசின பேச்சு இருக்கே... எத்தனை வருஷமாச்சு நீ அப்படிப் பேசி. அதை நிறுத்த எனக்கு மனசு வரலை.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சண்டை போடுகிற குரலில் கேட்டாள்: “சொல்லாட்டித்தான் என்ன? நாமளா பொய் சொன்னோம்? மீட்டர் சொல்லிச்சு, அவங்க நம்பினாங்க. இங்க வரட்டும். எல்லாருக்கும் இடம் இருக்கு.”

“வர மாட்டாங்க. ரொட்டிக்கடைக்காரர் எண்ணிச் சொன்னாரு. ஏழு வீடு.”

“எட்டும் ஏழும் பதினஞ்சு. பதினஞ்சு ஜன்னல் போதும் எனக்கு.”

“மீதி முப்பது?”

அவள் வளையத்தை எடுத்து, தகரத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். துடைக்க அதில் அழுக்கு எதுவும் இல்லை.

“அவ என்ன சொன்னா தெரியுமா, ரொட்டிக்கடைக்காரம்மா? ‘வீடு மகாராணி வீடு மாதிரி இருக்குக்கா, ஆனா எங்க வீட்டுக்காரர் அடுப்பை விட்டா செத்துடுவாரு’ன்னா. சிரிச்சுட்டேதான் சொன்னா. நான் பாட்டுக்கு அலமாரியைத் திறந்து காட்டிட்டு இருக்கேன்.” மூக்கை உறிஞ்சினாள். “இருபத்தாறு வருஷம்ங்க இந்த வீடு. நம்ம பொண்ணு நடை பழகினது அந்தச் சுவரைப் பிடிச்சுத்தான்.”

“தெரியும்.”

“தெரியும் தெரியும்னா? நீங்க சொல்லாதேன்னு சொல்லுங்களேன். நான் கேட்டுக்கறேன்.”

“சொல்லாதே.”

“உங்களுக்குப் பொய் வராது. காது சிவக்குது பாருங்க.” எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்: “ஆளில்லாத வீட்டுக்கெல்லாம் தண்ணி காட்டிட்டு, ஆள் இருக்கற வீட்டுக் குழாயை மூடினா, அப்புறம் எந்த முகத்தை வச்சுட்டுப் போய் ரொட்டி வாங்கறது? டீ குடிங்க. முதல்ல இங்க இருக்கற மத்த ஏழு வீட்டுக்கும் போய்ச் சொல்லணும். அவங்களையும் சேர்த்துத்தானே கிளப்பப் போறோம்.”

வால்வுக்காரர் டம்ளரை வாங்கினார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். காது இன்னும் சிவந்துதான் இருந்தது.

*

ஏழு வீட்டுக்குச் சொல்ல ஞாயிறு முழுக்க ஆனது. ஒரு வீட்டில் அழுதார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்திவிட்டு, அப்புறம் திறந்து, உள்ளே வந்து உட்காரச் சொன்னார்கள். ரேடியோக் கிழவர் மட்டும் ரேடியோவை அணைத்தார். அதை அணைத்து அவர்கள் பார்த்ததே இல்லை.

“அங்க டீக்கடை இருக்குல்ல?”

“இருக்கு தாத்தா.”

“காலையில எத்தனை பேர் வருவாங்க?”

“ஒரு பத்துப் பேர்.”

“பத்து வாயா! இத்தனை வருஷமா இந்த ஒரு வாய் பேசறதையே கேட்டுட்டு இருக்கேன்” என்று ரேடியோவைக் காட்டினார். “எனக்குச் சம்மதம். பாயைச் சுருட்டட்டுமா?”

திங்கட்கிழமை இருவரும் ஆபீசுக்குப் போனார்கள். இன்ஜினியர் மேடத்தை அங்கிருந்தே போனில் கூப்பிட்டு, முக்கியம் என்று சொன்னார்கள். மத்தியானம் வந்தார். வால்வுக்காரர் ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக்கொண்டு, நின்றுகொண்டே முழுவதையும் சொன்னார். மேடம் கணக்குப் போட்டார். போட்டதை அடித்துவிட்டு மறுபடி போட்டார். பேனாவை மூடினார்.

“ஏன் பதியல?”

“கட்டம் இல்லை மேடம். வீட்டுக்குள்ள போனது இவ. இவ நகர சபை ஆளே இல்லையே.”

“ஏழு வருஷம் சம்பளமில்லாம...” மேடம் சாவியக்காவைப் பார்த்தார். “நான் தண்ணி பொய் சொல்லாதுன்னு சொன்னேன்.”

“தண்ணி மேல தப்பில்லம்மா” என்றாள் சாவியக்கா. “திறந்து விட்டது நான்.”

“இதைச் சொன்னா உங்க பக்கம்தான் மூடும்னு தெரிஞ்சா வந்தீங்க?”

“தெரியாம வர்றதுக்கு நாங்க என்ன சின்னப் பிள்ளைங்களா? எட்டு வீட்டுக்கும் அங்க நல்ல வீடா ஒதுக்கிக் குடுங்க. எட்டாம் நம்பர் தாத்தாவுக்கு டீக்கடைப் பக்கத்துல.”

*

காலனி வால்வை மூட நாள் குறித்தார்கள். செவ்வாய்க்கிழமை. அதற்கு முன் இருந்த மூன்று வாரத்தில் சாவியக்கா நாற்பத்தாறு பேருக்குப் போன் போட்டாள். தண்ணீர் நிற்கப் போகிறது, சாவியை என்ன செய்ய?

‘எந்த வீடு?’ என்று கேட்டார் ஒருவர். இன்னொருவர் ‘தூக்கிப் போட்டுடுங்க’ என்றார். பலபேரின் நம்பர் மாறியிருந்தது. முப்பத்தொண்ணாம் வீட்டுக்காரி மட்டும் உடனே எடுத்தாள். ‘வரலை, மாமியார்தான் வந்திருக்கா’ என்று சொல்லி அனுப்பினவள் அவள்தான். இப்போது எங்கேயோ பதினோராவது மாடியில் பேரனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“இப்ப எங்கக்கா நிக்கிறே?”

“உங்க வீட்டுல. சமையக்கட்டுல.”

“குழாயைத் திறயேன். போனைப் பக்கத்துல பிடி.”

சாவியக்கா திறந்தாள். அந்தக் குழாய் எப்போதும் முதலில் ஒரு செருமல் செருமிவிட்டுத்தான் கொட்டும்.

“இன்னும் அந்தச் செருமல் போகலையா?”

“போகலை.”

“எங்க வீட்டுக்காரர் வாஷர் மாத்தறேன் மாத்தறேன்னே காலத்தை ஓட்டிட்டுப் போய்ச் சேர்ந்துட்டாரு.” தண்ணீர் ஓடியது. பிறகு அவசரமாக ஒரு குரல்: “சரி, மூடுக்கா, மூடு. தண்ணி வீணாப் போகுது.”

*

அந்தச் செவ்வாய்க்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. எட்டு வீட்டுச் சாமானும் முந்தின நாளே போய்விட்டன. ரொட்டிக்கடை மாடியில் இவர்களுக்கு இரண்டு அறை. அடுப்புச் சூட்டில் தரை எப்போதும் கதகதப்பாக இருக்கும், மூட்டுவலிக்கு நல்லது என்று ரொட்டிக்கடைக்காரம்மாவே கேட்டு வாங்கிக் கொடுத்தாள்.

“எல்லாக் குழாயையும் திறந்து வச்சுட்டு வா” என்று வால்வுக்காரர் சொல்லியிருந்தார். “மேல காத்து உள்ள போனாத்தான் குழாய்ல இருக்கற தண்ணி கீழ இறங்கும். தேங்கி நின்னா அழுகிடும்.”

அவள் ஒவ்வொரு வீடாக இறங்கினாள். குழாயைத் திறந்தாள். ஜன்னலைச் சாத்தினாள். கதவைப் பூட்டி, சாவியை வளையத்திலிருந்து கழற்றி அந்தந்தப் பூட்டிலேயே விட்டாள். வளையம் இலேசாகிக்கொண்டே வந்தது. கடைசியில் தன் வீட்டுச் சமையல்கட்டில், வாளியைக் குழாயடியில் வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

மேட்டில் வால்வுக்காரர் முறுக்குச் சாவியை மாட்டினார். வலது பக்கமாக ஒன்று, இரண்டு, மூன்று. இருபதைத் தாண்டியதும் இரும்பு முனகியது. இருபத்தேழு. இருபத்தெட்டு. அதற்கு மேல் நகரவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு போனைக் காதில் வைத்தார்.

“வருதா?”

“வருது.”

“மூடிட்டேனே.”

“வருதுங்க. மெல்லிசா வருது.”

“மேல் வீட்டுக் குழாய்ல நின்னது இறங்குது. கொஞ்ச நேரம் வரும்.”

“எல்லா வீட்டுதுமா?”

“எல்லாமே அங்கதான் வந்து சேரும். நம்ம வீடுதானே கடைசி.”

அவர் இரும்பு மூடியின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். போனை வைக்கவில்லை. வாளியில் விழுகிற சத்தம் கேட்டது. நடுவில் குழாய் கடகடவென்று உதறியது.

“என்னது?”

“ரேடியோக்காரர் வீட்டுத் தண்ணி. இருமிட்டே வருது.”

அவர் சிரித்தார்.

“இது பன்னிரண்டு. சத்தமே இல்ல. அங்க இருந்த அம்மா அப்படித்தான். ஏங்க, இப்ப ஒரு செருமல் செருமிச்சு. முப்பத்தொண்ணு வந்துட்டா.”

“மாமியாரும் வந்திருக்காளா?”

“வராம இருப்பாளா?”

வெயில் ஏறியது. அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் ‘ம்’ கொட்டிக்கொண்டே இருந்தார். பேச்சுக்கு நடுவில் இடைவெளி நீண்டது. சொட்டு விழுகிற சத்தம் ஒவ்வொன்றாகப் பிரிந்தது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

“வருதா?” என்றார்.

வாளியைத் தட்டால் மூடுகிற சத்தம் கேட்டது.

“இல்லைங்க. நான் வர்றேன்.”

மூடியைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார். அவள் வருவது எப்போதும் அவருக்கு முன்கூட்டியே கேட்டுவிடும். இன்றைக்குச் சத்தமே இல்லாமல் சரிவில் ஏறி வந்தாள். கையில் வெறும் வளையம். இன்னொரு கையில் தட்டால் மூடிய வாளி, தளும்பாமல் மெல்ல மெல்ல.

“இதை எதுக்கு இவ்வளவு தூரம் தூக்கிட்டு வர்றே? அங்கதான் தண்ணி வருதே.”

“இன்னிக்குச் சாயங்காலம் மாடியில முதல் டீ இதுலதான். ரொட்டிக்கடைக்காரங்களையும் தாத்தாவையும் கூப்பிட்டிருக்கேன். வாயைப் பாத்துட்டு நிக்காம ஒரு பக்கம் பிடிங்க.”

அவர் முறுக்குச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு, வாளியின் பிடியில் அவள் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் கொடுத்தார். இரண்டு பேரும் ஒரே அளவில் எட்டு வைத்து ஸ்டேஷன் பக்கம் நடந்தார்கள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.